58 விநாடியில் ஒரு ஆயா

"நா எப்போ பாப்பா இதுக்கு அயுதேன்?"

ஆயா கேட்டது இவ்வளவுதான். பேரனுடைய செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். அதில் ஆயாவின் குரல். கறுப்பு வெள்ளையாக்கப்பட்ட அவருடைய போட்டோ. கீழே குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் துடிக்கும் வெள்ளைக்கோடு. சொல்லுக்குச் சொல் மஞ்சளாக எரிந்து அணையும் எழுத்துகள். பின்னால் யாரோ வாசிக்கிற சோகப் புல்லாங்குழல். மொத்தம் 58 விநாடி. நாங்கள் போட்டதுதான். எங்கள் தோழர் வெட்டி அனுப்பியதை ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்து 'சூப்பர் தோழர், போட்டுடலாம்' என்று பதில் போட்டவள் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் யாரையாவது திட்டுகிறேன் என்று தோன்றினால் முதலில் திட்டு வாங்குவது நானென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து நாலு பேர் நடத்துகிற பாட்காஸ்ட் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிப்பதிவு. ஒரு மைக், ஒரு பழைய லேப்டாப், ஜன்னலுக்குத் தடுப்பாக ரெண்டு போர்வை. போர்வையையும் மீறி ஆசிரமத்து மயில் அகவுவது உள்ளே வந்துவிடும். காலனி ஜனங்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம். ஆயா இந்தப் பகுதியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீடுகளைக் கூட்டித் துடைக்கிறவர். கார்த்திகையிலிருந்து மாசிவரை வேலை கிடைக்கும், வெயில் ஏறினால் கிடைக்காது. அவர் பேசியது 1 மணி 14 நிமிடம். அதில் எழுபத்தாறு பங்கில் ஒரு பங்குதான் அந்தக் கிளிப். முழுப்பேச்சைக் கேட்டவர்கள் நானூற்றுச் சொச்சம். கிளிப்பைப் பார்த்தவர்கள் நாலே நாளில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கவிதையின் இரண்டு பாடங்களை ஒப்பிட எம்.ஏ. வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

கிளிப்பில் ஆயா சொல்வது: எங்க தெருவுக்கு வளையல்காரர் வருவார், ஊர்த்தெருவில் திண்ணையில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் போட்டுவிடுவார், எங்களுக்குத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார், எங்கள் கையை யாரும் தொடமாட்டார்கள். உடனே விம்மல். புல்லாங்குழல் ஏறுகிறது. முடிந்தது.

ஒலிப்பதிவில் இருப்பது வேறு. கண்ணாடி வளையலைக் கையில் ஏற்றுவது ஒரு வேலைப்பாடு. விரல் முட்டியை அமுக்கி, கட்டைவிரல் மேட்டை மடக்கி, நோகாமல் தள்ள வேண்டும். பழகிய கைக்குத்தான் வரும். தானே போட்டுக்கொண்டால் உடையும். "பாதி ஒடஞ்சிடும் பாப்பா, ஒடஞ்சதுக்கும் சேத்து துட்டு வாங்கிக்கினு போயிடுவான்" என்கிறார் ஆயா. கவனியுங்கள், தீண்டாமைக்கு விலைப்பட்டியல் போடுகிறார். தொடாததற்கான செலவை யார் கட்டினார்கள் என்று கணக்குச் சொல்கிறார். இந்த வாக்கியம் கிளிப்பில் இல்லை.

அதற்கப்புறம் அவருடைய அக்காவின் கல்யாணம் வருகிறது. அக்கா சொல்லிவிட்டாள், இனிமேல் அவன்கிட்ட எவளும் வாங்கக்கூடாதென்று. ஏழு பெண்கள் திருவண்ணாமலைக்கு நடந்தே வந்து தேரடி வீதியில் ஒரு வளையல் கடையில் ஏறினார்கள். அக்கா கையைத் தூக்கிக் கடைப்பலகைமேல் வைத்தாள். கடைக்காரன் எந்த ஊர் என்று கேட்டானாம், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அக்கா கையைப் பிடித்து ஒரு டஜனையும் ஏற்றினான். பன்னிரண்டாவது வளையல் ஏறினதும் அக்கா தன் தெருப்பெயரைச் சொன்னாள், கேட்காமலே சொன்னாள். கடைக்காரன் அப்படியே நின்றுவிட்டான், அக்கா கை இன்னும் அவன் கைக்குள்.

"கைய உட்டுட்டானா ஆயா?" என்று நான் கேட்கிறேன். பதினோரு விநாடி சத்தமே இல்லை. மயில் ஒருதரம் அகவுகிறது. அப்புறம் ஆயா சிரிக்கிறார். "எப்டி உடுவான்? துட்டு வாங்கணுமே!"

அந்த விம்மல் எங்கிருந்து வந்தது? அறுபத்திரண்டாவது நிமிடத்திலிருந்து. கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் அந்த அக்கா பிரசவத்தில் செத்துப்போனதைச் சொல்லும்போது ஆயா அழுகிறார். அதைக் கழற்றிக்கொண்டுவந்து வளையல்காரன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அக்காவுக்காக அழுத அழுகையை, தொடமாட்டேன் என்ற ஒருத்தனுக்காக அழுததாக மாற்றியிருக்கிறோம். ஒரு பொய்ச்சொல்லும் சேர்க்கவில்லை, ஆனால் முழுப்பொய். ஆயாவின் கேள்வி அதனால்தான் என்னை இன்னும் உறங்கவிடவில்லை.

வெட்டிய தோழரைக் கேட்டேன். கல்லூரியில் படிக்கிற பையன், காலனிப் பையன்தான். அவன் சொன்ன நியாயங்களை நாம் அலட்சியப்படுத்த முடியாது. முதல் மூணு விநாடிக்குள் பிடிக்கவில்லையென்றால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். பார்ப்பவர்களில் நிறையப்பேர் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள், ஆகையால் எழுத்து ஓட வேண்டும். செங்குத்துச் சட்டத்தில் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். இடைவெளி இருக்கக்கூடாது. இப்போது வருகிற மென்பொருளில் மௌனத்தை நீக்கு என்று ஒரு பொத்தானே இருக்கிறது, அழுத்தினால் பேச்சுக்கு நடுவிலுள்ள மூச்செல்லாம் போய்விடும். ஒரு மணிநேரப் பேச்சைக் கொடுத்தால் தானே பத்துத் துண்டாக நறுக்கி, எது எவ்வளவு பரவும் என்று மதிப்பெண்ணும் போட்டுத் தருகிற மென்பொருளும் வந்தாயிற்று. அந்த மதிப்பெண் போடுகிற வாத்தியார் எந்தத் தெருக்காரர் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மௌனத்தை நீக்கு. இந்தத் தெருவில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் மௌனத்தைத் தேடி வந்து, அதற்கு அறை வாடகையும் கொடுத்து உட்கார்ந்திருக்கிற இடம் இது. 1896இல் இங்கு வந்து 1950இல் இங்கேயே இறந்த ரமணருடைய மௌனம் உபதேசம். ஆயாவுடைய பதினோரு விநாடி மௌனம் கழிவு. அந்த உபதேசிகள் தங்குகிற அறையைக் கூட்டுகிறவருடைய மௌனத்தையும் நாங்களே கூட்டித் தள்ளிவிட்டோம்.

ரமணர் பேச்சுக்கு ஒலிப்பதிவு கிடையாது, இருப்பவை சத்தமில்லாத படச்சுருள்கள்தான். இருந்தும் செங்கம் ரோட்டு டீக்கடையில் நின்றால் பத்து நிமிடத்துக்கொரு ரீல்ஸ் அவர் படத்தோடு யாரோ ஒருவர் குரலில் உபதேசிக்கிறது. அங்கே வெட்டினால் எதுவும் குறைவதில்லை. அறிவுரை பிறந்ததே துண்டாகத்தான். 'நான் யார்?' என்கிற சிறுநூலின் கதையைப் பாருங்கள். 1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக்காட்டிய பதில்கள் அவை. நூலாக அச்சானது 1923இல். பிறகு ரமணரே அதைக் கட்டுரை வடிவில் எழுதியபோது பெரும்பாலான கேள்விகள் உதிர்ந்துபோயின. கேட்டவர் மறைந்தார், பதில் நித்தியமானது. ஆன்மிகத்துக்கு இது சௌகரியம். யார் கேட்டார்கள், எந்த இடத்தில் நின்று கேட்டார்கள் என்பது போய்விட்டால் பதில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். 1930, 40களில் ஆசிரமத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பார்ப்பனர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாக, நடுவில் தடுப்போடு பந்தி நடந்ததென்பதை ஆசிரம அன்பர்களின் நினைவுக்குறிப்புகளே சொல்கின்றன. 'நான் யார்' என்று கண்மூடிக் கேட்டுக்கொண்டவர்கள் சாப்பாட்டு நேரத்தில் தாம் யாரென்று மிகச்சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். இதற்கு எந்த ரீல்ஸும் இல்லை.

நம் பேச்சு அப்படிப்பட்டதல்ல. யார், எந்தத் தெரு, எத்தனை ரூபாய், கையை விட்டானா விடவில்லையா என்பதில்தான் அது உயிர்வாழ்கிறது. விவரத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது பரிதாபம். ஆயா கிளிப்புக்குக் கீழே வந்த கருத்துகளில் பாதி, கண்ணீர் வந்துவிட்டது அம்மா. மீதி, அந்தக்காலத்தில் அப்படித்தான், இப்போது யார் சாதி பார்க்கிறார்கள். இரண்டையும் எழுதவைத்தது எங்கள் வெட்டுதான். ஒருத்தர்கூட அந்த வளையல்காரனுக்கு உடைந்த வளையலுக்கு ஏன் துட்டு கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க வாய்ப்பில்லை, அந்த வரி அங்கே இல்லையே.

அண்ணல் அம்பேத்கரின் குரலுக்கும் இதே கதிதான். 1955இல் பிபிசி வானொலிக்கு அவர் அளித்த பேட்டியின் ஒலிப்பதிவு இன்று எல்லோர் செல்போனிலும் துண்டு துண்டாக இருக்கிறது. நீலப்பின்னணி, துடிக்கும் கோடு, காந்தியை மகாத்மா என்று அழைக்க மறுக்கிற இடம். நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அனுப்பும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தப் பேட்டியின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. காந்தி ஆங்கிலத்தில் நடத்திய பத்திரிகையில் ஒரு முகமும் குஜராத்தியில் நடத்தியதில் இன்னொரு முகமும் காட்டினார், இரண்டையும் ஒப்பிட்டு யாராவது அவர் வரலாற்றை எழுத வேண்டும் என்கிறார் அம்பேத்கர். அதாவது ஒரு வாசிப்பு முறையைக் கற்றுக்கொடுக்கிறார். என் கண்ணில் பட்ட துண்டுகளில் கோபம் இருந்தது, அந்தப் பாடம் இல்லை. முழுவதையும் ஒப்பிட்டுப் படியுங்கள் என்று சொன்னவரின் குரலையே ஒரு வாக்கியமாக்கி நாம் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

குரலைக் கருவியின் கொள்ளளவுக்கு வெட்டுவது நேற்று வந்ததல்ல. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூணு, மூணரை நிமிடம்தான் கொள்ளும். மணிக்கணக்காகப் பாடியவர்கள் அதற்குள் பாடக் கற்றுக்கொண்டார்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டு வேறு நாட்டுக்குப் போய் அச்சாகும்போது யார் பாடியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. தொழில்நுட்பத்துக்காகச் செய்த அந்தக் காரியத்தில் ஒரு பெண் தன் பெயரைத் தன் வாயால் சொல்லி முடிக்கிறாள். எங்கள் கிளிப்பின் கடைசியில் ஆயா பெயர் இல்லை. எங்கள் பாட்காஸ்டின் பெயர் இருந்தது, பெரிய எழுத்தில்.

கேசட் காலம் எனக்குச் சின்ன வயது. கே.ஏ. குணசேகரன் பாடிய இன்குலாபின் 'மனுசங்கடா'வை எங்கள் தெருவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவார்கள். பாட்டு சின்னதுதான். அதைக் கேட்டு வெண்மணியைப் பற்றி விசாரித்தவர்கள் உண்டு, 1968 டிசம்பர் 25, 44 பேர் என்று கணக்குத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. எனவே சின்னதாக இருப்பதில் தப்பில்லை. நம் பாட்டிமார் ஒப்பாரி ஒவ்வொரு கண்ணியும் ரெண்டு மூச்சுக்கு மேல் போகாது. ஆனால் எங்கே இழுப்பது, எங்கே நிறுத்தி மூக்கைச் சிந்துவது என்பதை அழுகிறவளே முடிவுசெய்கிறாள். பறையில் அடியின் நீளத்தை அடிக்கிறவன் கை முடிவுசெய்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடைசெய்தார்களே, அதுவரை அதில் நம் பிள்ளைகள் தாங்களே ஆடி, தாங்களே வெட்டி, தாங்களே போட்டார்கள். மேட்டுக்குடி 'கண்றாவி' என்று முகம் சுளித்ததும் அதனால்தான். தடை வந்த அடுத்த மாதமே ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ் என்று புதிய கடைகள் திறந்தன. கடை மாறியதில் கத்தரி கைமாறிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். இதைத் தனியாக எழுத வேண்டும்.

துண்டுக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தார்கள். அதே நாட்களில் சேலம் திருமலைகிரியில் மாரியம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஒருவர் ஊர் நடுவில் வைத்து ஏசியது செல்போனில் பதிவாகிப் பரவியது. கட்சி அவரைத் தற்காலிகமாக நீக்கியது, கைதும் ஆனார். ஒரு சில நிமிடத் துண்டு செய்த வேலை அது. ஏசுகிறவன் பேச்சைத் துண்டாக்கினால் சாட்சியமாகிறது, அவனுக்கு முன்கதை தேவையில்லை. ஏச்சு வாங்கியவருடைய பேச்சை அதே கத்தரியால் வெட்டினால் அழுகைக்காட்சியாகிறது. ஒரே கருவி, ரெண்டு பலன். எங்களைப் போன்றவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, மொழி. கேப்ஷன் போடுகிற மென்பொருளுக்கு ஆயா பேச்சு பிடிபடவில்லை, 'அயுதேன்' என்பதை என்னென்னவோ எழுதியது. தோழர் உட்கார்ந்து திருத்தினார். திருத்தும்போது 'வச்சிட்டு தள்ளி நின்னுக்குவான்' என்பது 'வைத்துவிட்டு விலகி நிற்பார்' ஆகிவிட்டது. 'வான்' எப்படி 'பார்' ஆனது? ஆயா மரியாதை கொடுக்காத இடத்தில் எங்கள் எழுத்து மரியாதை கொடுத்திருக்கிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இதெல்லாம் இலக்கிய மொழியா என்று கேட்டவர்களோடு மல்லுக்கட்டியது நம் முன்னோடிகள். முப்பது வருஷம் கழித்து நாமே ஆயாவுக்கு இலக்கணம் போட்டு மேடையேற்றுகிறோம்.

கேள்வி கேட்ட மறுநாளே அந்தக் கிளிப்பை நீக்கினோம். நீக்கி என்ன பயன், அதற்குள் எத்தனையோ பேர் இறக்கி வேறு பாட்டு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். 'தாயின் கண்ணீர்' என்று ஒன்று சுற்றுகிறது. அதைத் திருப்பி வாங்க வழியில்லை என்று ஆயாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "செரி, இப்போ நா சொல்ற மேரி வெட்டு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு ஆயாவை உட்காரவைத்தோம். முழுவதையும் ஓடவிட்டோம். மேசையைத் தட்டினால் அங்கே வெட்ட வேண்டும் என்று ஏற்பாடு. வளையல்காரன் வந்தபோது தட்டவில்லை. உடைந்த வளையலுக்குத் துட்டு, அது இருக்கட்டும் என்றார். தேரடி வீதிக்கு நடந்தது முழுசும் இருக்கட்டும். பதினோரு விநாடி வந்தபோது தோழர் பழக்கத்தில் கையைக் கொண்டுபோனான். "ஏண்டா, அவ கை இன்னும் அவங்கையில கீது" என்று அதட்டினார். பையன் கையை எடுத்துக்கொண்டான். அறுபத்திரண்டாவது நிமிடத்துக்கு வந்ததும், வேணாம், அது எங்க ஊட்டு விஷயம் என்று மேசையைத் தட்டினார்.

2 நிமிடம் 40 விநாடி வந்தது. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூணு நிமிடம்வரை போடலாம் என்றாகிவிட்டது, 2025 ஜனவரியில் ரீல்ஸும் அப்படியே, ஆகவே நீளத்தைச் சாக்குச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. புல்லாங்குழல் இல்லை. கேப்ஷனை ஆயா வாய்ப்பட எழுதினோம், 'வான்' வானாகவே நிற்கிறது. கௌஹர் ஜான் கதையைச் சொன்னதும் ஆயாவுக்குப் பிடித்துப்போயிற்று. மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தன் பெயர், தன் அம்மா பெயர், அக்கா பெயர் மூன்றையும் சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "வுயுந்திச்சா?" என்று கேட்டார். அதுவும் பதிவாகியிருக்கிறது, அதையும் வெட்டவில்லை.

போட்டு ஆறு வாரமாகிறது. இதுவரை 612 பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர், போளூர் பக்கத்திலிருந்து, எங்க ஊருக்கும் அந்தாள் வருவான் என்று எழுதியிருக்கிறார். அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம்.